குரல் மட்டும் என்னுடையது

ஜூன் 10, திங்கள்

ஓய்வு பெற்ற பிறகு இன்றுதான் மறுபடியும் டிபன் பாக்ஸ் கட்டினேன். வீட்டுக்காரர் வாசல் வரை வந்து, "கனகு, வேலைக்குப் போறவளாட்டம் இல்ல, வேலை கொடுக்கப் போறவளாட்டம் இருக்கற" என்றார். புதுப் புடவை காரணம்.

அலுவலகம் பீளமேட்டில், ஒரு மாடியில். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறார்கள். முதலாளி ஜெகநாதன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த டிசைனர் கௌசிகாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் கையால் பேசுவதை மற்றவர்களுக்கு நான் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் வாயால் பேசுவதை அவளுக்குக் கையால் சொல்ல வேண்டும். காது கேளாதோர் பள்ளியில் இருந்த காலமெல்லாம் இதைத்தானே செய்தேன்.

டிசைனர் யார், புரோகிராமர் யார் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. வீடு கட்டுவதை வைத்துப் புரிந்துகொண்டேன். ஜன்னல் எங்கே, கதவு எங்கே என்று வரைகிறவர் டிசைனர். குழாயும் வயரும் இழுத்து வீட்டை வாழத் தகுந்ததாக ஆக்குகிறவர் புரோகிராமர். இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் ஸ்விட்ச் பீரோவுக்குப் பின்னால் போய்விடும்.

கௌசிகா சென்னையில் படித்தவள். என்னைப் பார்த்ததும் கையால் சொன்ன முதல் வாக்கியம்: "நான் உங்கள் மாணவி இல்லை. சரியா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சாப்பிடும்போது மீதியைச் சொன்னாள். இங்கே மூன்று மாதம் தற்காலிக வேலை. பிடித்திருந்தால்தான் நிரந்தரம். சென்னையில் இரண்டு கம்பெனிகளில் இப்படிச் சேர்ந்து, இரண்டிலும் நிரந்தரமாகவில்லை. இங்கேயும் இல்லையென்றால் பொள்ளாச்சிக்குத் திரும்பி அப்பாவின் கடையில் பில் போட வேண்டும். "எனக்கு பில் போட வராது" என்றாள்.

ஜூன் 12, புதன்

எனக்கு முதல் வேலை வந்துவிட்டது. அருவி பம்ப் ஸ்பேர்ஸ் என்று மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் விற்கும் கடை. உரிமையாளர் குப்புராஜ். விவசாயியும் மெக்கானிக்கும் போனிலிருந்தே சாமான் வாங்குகிற மாதிரி ஒரு தளம் வேண்டுமாம்.

புரோகிராமர்களுக்குத் தலைவன் லோகநாதன். எல்லோருக்கும் லோகு. இதுவரை அவனும் கௌசிகாவும் கம்ப்யூட்டரில் டைப் செய்து செய்துதான் பேசிக்கொண்டார்களாம். "இனி அந்தத் தொல்லை இல்லீங்க டீச்சர். நீங்க இருக்கீங்க, வாயில சொல்லிப்போடலாம்" என்றான். மனசுக்கு நிறைவாக இருந்தது.

அவன் திட்டம் இது. தளத்தைத் திறந்ததும் பதிவுப் பக்கம் வரும். பெயர், விலாசம், போன், ஜிஎஸ்டி எண் எல்லாம் நிரப்பினால்தான் உள்ளே போகலாம். உள்ளே உதிரிபாகங்கள் எண் வரிசைப்படி, கடையின் ஸ்டாக் லிஸ்டில் இருப்பது போலவே இருக்கும்.

கௌசிகா முகத்தைச் சுளித்தாள். கைகள் பறந்தன. "கடைக்கு வந்தவனை வாசலில் நிறுத்தி விலாசம் கேட்பார்களா? இந்தப் பக்கம் முட்டாள்தனம். தூக்கி எறி."

"இந்தப் பதிவுப் பக்கத்தக் கொஞ்சம் எளிமையாக்க முடியுமான்னு கேக்கறாங்க" என்றேன்.

"ஓ, பண்ணலாமுங்களே" என்றான் லோகு.

எவ்வளவு சுமுகமாக முடிந்தது! சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கும்போது நாம் காரம் குறைப்பதில்லையா? அது போலத்தான். சாப்பாடு அதே சாப்பாடுதான்.

ஜூன் 19, புதன்

பம்பைப் பிரித்துப் போட்ட மாதிரி ஒரு படம் வரைந்திருந்தாள் கௌசிகா. எந்தப் பாகம் வேண்டுமோ அதைத் தொட்டால் போதும். எனக்கே பம்புக்குள் என்ன இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. லோகு பார்த்துவிட்டு ஏதேதோ மாடல், சைஸ் என்று வேகமாகச் சொன்னான். கடைசியில், "கலர் அடிக்கறவங்க கலர் மட்டும் அடிச்சாப் போதும்னு சொல்லுங்க டீச்சர். மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றான்.

நான் அவளிடம் கையால் சொன்னது: "படம் அழகு. சின்னச் சின்னச் சிக்கல் இருக்கிறதாம். உன் நிறத் தேர்வு அவனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதில் கவனம் செலுத்தச் சொல்கிறான்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

ஜூன் 21, வெள்ளி

சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. லாரிக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 3, புதன்

பத்து நாளாகக் கௌசிகா நீல நிறத்தில் மூழ்கிக் கிடக்கிறாள். கிணற்று நீலமா, வாய்க்கால் நீலமா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். லோகு அவன் பாட்டுக்குப் பதிவுப் பக்கத்தை எளிமையாக்கிக்கொண்டிருக்கிறான். அலுவலகமே அமைதியாக இருக்கிறது.

"நீங்க வந்ததுக்கப்புறம் சண்டையே இல்லீங்க டீச்சர்" என்று ஜெகநாதன் எல்லோர் முன்னாலும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சண்டையே இல்லீன்னா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு விசயம் தெரியலைன்னு அர்த்தம்" என்றார். மில்லில் வேலை பார்த்தவர். அங்கே சத்தம் அதிகம். கம்ப்யூட்டர் கம்பெனி வேறு.

ஜூலை 15, திங்கள்

குப்புராஜ் வந்தார். வெள்ளை வேட்டி, பையில் மூன்று பேனா. போனில் தளத்தைத் திறந்து கொடுத்தார்கள்.

பெயர் கேட்டது. போட்டார். விலாசம் கேட்டது. போட்டார். ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து தவறியது. போட்டதெல்லாம் அழிந்து முதலிலிருந்து கேட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, என்ற கடைக்குள்ள நான் போறதுக்கே இத்தனை கேள்வியா?"

லோகு வாங்கி, நிரப்பி, உள்ளே போய்க் காட்டினான். எண் எண்ணாகப் பட்டியல். "இதென்ன, கரண்ட் பில்லாட்ட இருக்குது! கலரெல்லாம் ஜோராத்தான் இருக்குது, இல்லைங்கல. வாசர் வாங்க வந்தவன் கலரப் பாத்துப்போட்டு போவானுங்களா?"

எழுந்துகொண்டார். "ஆடிப் பதினெட்டு கழிச்சு வர்றேன். அப்பவும் இப்படியே இருந்துதுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவர் படி இறங்கினார். பிறகு கௌசிகா கேட்டாள்: "அந்தப் பக்கத்தைத் தூக்கி எறியச் சொன்னேனே, ஏன் இருக்கிறது?" நான் குரலில் சொன்னேன்.

லோகு திகைத்தான். "எங்க தூக்கச் சொன்னாங்க? எளிமையாக்கத்தானே சொன்னாங்க? பன்னெண்டு கட்டத்த ஏழாக்கி வச்சிருக்கறேன். அவங்கதான் நான் அத்தன சொல்லியும் அந்தப் பம்ப் படத்தச் சரி பண்ணாம, கலரையே புடிச்சுத் தொங்கிட்டிருந்தாங்க."

அதை நான் கையால் சொல்லத் தொடங்கினேன். பாதியில் இருவருமே என்னைப் பார்த்தார்கள்.

தண்ணீர் குடித்தேன். பாட்டில் காலி என்று தெரியாமல் மறுபடியும் எடுத்துக் குடித்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

தலைவலி. போகவில்லை. துவரம்பருப்புக்கு வெயில் காட்டினேன்.

மத்தியானம் அவர் விடாமல் கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "எங்கண்ணன் எங்கிட்டப் பேசறத விட்டதுக்கப்புறம், அவரு சேதியெல்லாம் உன் வழியாத்தானே வந்துது? நல்லா இருக்கச் சொன்னாரு, உடம்பப் பாத்துக்கச் சொன்னாருன்னு சொல்லுவியே. நெசமா அவரு என்னதான் சொன்னாரு?" என்றார்.

மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன். காய்ந்திருக்கவில்லை. இருந்தாலும் எடுத்தேன்.

ஜூலை 17, புதன்

ஜெகநாதன் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் புள்ளைக்குக் கம்யூனிகேசன் பிரச்சினை இருக்குதுங்க டீச்சர். கைத்திறமை இருக்குது, இல்லைங்கல. ஆனா டீமோட ஒட்டலை. மூணு மாசம் முடிஞ்சதும் பேசி அனுப்பிரலாம்னு இருக்கறேன். நீங்க கொஞ்சம் பக்குவமா அவங்ககிட்டச் சொல்லிருங்க."

பக்குவமா! அந்த வார்த்தைதான் என்னை உட்கார விடவில்லை.

"பிரச்சினை அவகிட்ட இல்லீங்க, எங்கிட்ட" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது. "தபால்காரர் கடிதத்தப் பிரிச்சு, வருத்தமான வரியெல்லாம் அடிச்சுட்டு, நல்ல வரிய மட்டும் விட்டு, ஒட்டிக் கொடுத்தா எப்படிங்க இருக்கும்? அதத்தான் நான் ரெண்டு பக்கமும் பண்ணியிருக்கறேன். அவ தெளிவாத்தான் சொன்னா. லோகுவும் தெளிவாத்தான் சொன்னாரு."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "அப்ப உங்களத்தான் மாத்தோணும்."

"மாத்துங்க. அவள மாத்தாதீங்க."

"ஆடிப் பதினெட்டுக்குள்ள வேற ஆளுக்கு நான் எங்கீங்க போவேன்?" என்று சலித்துக்கொண்டார். அதனால்தான் இன்னும் வேலையில் இருக்கிறேன். வேறு காரணம் இல்லை.

வெளியே கௌசிகா நின்றிருந்தாள். நான் கையைத் தூக்குமுன் அவளே சொன்னாள்: "சொன்னதைச் சொல்லுங்கள். திட்டினால் திட்டு. நான் குழந்தை இல்லை. அவனும் குழந்தை இல்லை. முடியாதென்றால் வர வேண்டாம்."

ஜூலை 18, வியாழன்

போனேன்.

பெரிய மேஜைக்கு ஒரு பக்கம் லோகு, எதிர்ப்பக்கம் கௌசிகா. அவள் ஆரம்பித்தாள். நான் குரல் கொடுத்தேன்: "உன்ற மண்டைக்குள்ள ஸ்டாக் லிஸ்டத் தவிர ஒண்ணுமே இல்ல."

லோகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "டீச்சர், நீங்களா சொல்றீங்க?"

"நான் இல்லீங்க. அவங்க. அவங்களப் பாத்துப் பேசுங்க."

அவன் நாற்காலியைத் திருப்பினான். முகம் சிவந்திருந்தது. "படத்தத் தொட்டா பம்ப் ஓடாது தாயி! ஒரே பேர்ல நாலு மாடல் இருக்குது. தண்ணி ஒழுகாம அடைக்கற சீல் வளையம் ஒவ்வொண்ணுக்கும் வேற சைஸ். நீ வரைஞ்ச படத்தத் தொட்டு வாங்குனா தப்பான சீல் போகும். தோட்டத்துல தண்ணி நிக்கும். வெவசாயி உனக்கா போன் போட்டு வெய்வான்? எனக்குத்தான் போடுவான்!"

கை மொழியில் பாதிப் பேச்சு முகத்தில் இருக்கிறது. அந்த இளக்காரம், அந்த உதட்டுப் பிதுக்கல் எல்லாவற்றையும் சேர்த்துக் கையில் சொன்னேன். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு முகத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. ஓரத்தில் இருந்த பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மானிட்டருக்குப் பின்னால் குனிந்தார்கள்.

கௌசிகா எழுந்து நின்றுவிட்டாள். "சீல் அளவு வேறா? இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"சொன்னனே! படத்தக் காட்டுன அன்னைக்கே சொன்னனே!"

இந்த முறை இருவருமே என்னைப் பார்க்கவில்லை. அதுதான் உறைத்தது.

பிறகு நடந்ததெல்லாம் எழுத நேரமில்லை. தொண்டை கட்டிவிட்டது; தோள்பட்டையும் வலிக்கிறது. ஆனால் வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நான் என்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தேனாம். பக்கத்து சீட் அம்மா கேட்டார்: "பேரன் பொறந்திருக்கானுங்களா?"

ஜூலை 22, திங்கள்

மூன்று பேரும் குப்புராஜின் கடைக்குப் போனோம். கௌசிகாவின் யோசனை. ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தாள்.

வருகிற மெக்கானிக் எவரும் எண் சொல்வதில்லை. சட்டைப்பையிலிருந்து தேய்ந்த சீலை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்கள். கடைக்காரர் புதியதை எடுத்து அதன்மேல் வைக்கிறார். இரண்டும் பொருந்தினால் வியாபாரம் முடிந்தது.

கௌசிகா தன் போனை உள்ளங்கையில் படுக்க வைத்துக் காட்டினாள். "இதுதான் மேஜை. படத்தை நிஜ அளவில் போடுவோம். பழைய சீலை எடுத்துப் போன்மேல் வைத்துப் பார்க்கட்டும்."

லோகு உடனே மறுத்தான். "போனுக்குப் போன் ஸ்கிரீன் சைஸ் வேற. என்ற போன்ல நெச அளவு, உன்ற போன்ல பெருசாயிரும்." அப்படியே சொன்னேன். அவள் உதட்டைக் கடித்தாள்.

டீக்கடையில் நிற்கும்போது லோகு ஒரு ரூபாய்க் காசை எடுத்து அவள் போன்மேல் வைத்தான். "முதல்ல இத வெக்கச் சொல்லலாம். படத்துல இருக்கற வட்டம் காசுக்குச் சரியா வர்ற வரைக்கும் இழுத்தாப் போச்சு. அளவு தெரிஞ்சுரும்." அவள் தன் பையிலிருந்து இன்னொரு ஒரு ரூபாயை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பழையது பெரிது, புதியது சிறிது. லோகு தலையில் கை வைத்தான். அவள் ஏடிஎம் கார்டை எடுத்தாள். அதே நேரத்தில் அவனும் தன் பர்ஸைத் திறந்தான். இருவர் கார்டும் ஒரே அளவு. என் கார்டையும் பிடுங்கி வைத்துப் பார்த்தார்கள்.

யாருக்கு முதலில் தோன்றியது என்று திரும்பி வரும் வழி முழுக்கச் சண்டை. ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு வாங்கியது.

ஜூலை 26, வெள்ளி

பதிவுப் பக்கம் போயே போய்விட்டது. ஊரை மட்டும் கேட்க வேண்டும் என்கிறான் லோகு. கடையின் எந்தக் கிளையிலிருந்து அனுப்புவது என்று தெரிய வேண்டுமே. கடைசியில் கேள், முதலில் கேட்காதே என்கிறாள் அவள். ஒத்துக்கொண்டான். அதற்கு முன் ஒருவரையொருவர் சொல்லிக்கொண்டதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அங்கே ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

ஜூலை 30, செவ்வாய்

தளத்தைச் சோதித்துப் பார்க்க வீட்டுக்காரர் போனையும் வாங்கிப் போயிருந்தேன். திருப்பிக் கொடுத்ததும் நேராகத் தன் அண்ணனுக்குப் போட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஒரு முறை குரல் உயர்ந்தது. பிறகு சிரிப்பு. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

குப்புராஜ் சட்டைப்பையில் ஒரு பழைய சீலோடு வந்தார். சோதிக்கத்தான்.

கௌசிகா எழுந்து முன்னால் நின்றாள். அவளே விளக்குவாள் என்று லோகுதான் ஜெகநாதனிடம் அடம்பிடித்தானாம். நான் ஓரமாக நின்றேன்.

போனைக் கொடுத்தாள். கார்டை வைக்கச் சொன்னாள். அவர் வைத்து, கட்டத்தை இழுத்துச் சரி செய்தார். பம்ப் படம் வந்தது, சீலைத் தொட்டார். நாலு அளவில் வளையங்கள் வந்தன. பழைய சீலை ஒவ்வொன்றின்மேலும் வைத்துப் பார்த்தார். மூன்றாவதில் ஓரம் மறைய உட்கார்ந்தது. கீழே விலை வந்தது. யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை.

"அட!" என்றார். எடுத்து மறுபடி வைத்தார். "அட!"

ஜெகநாதன் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. அப்போதுதான் குப்புராஜ் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது எங்கப்பாருங்க. கடைய ஆரம்பிச்சவரு. இவரு படம் முன்னால முழுசா வரோணும். கூட நான் பரிசு வாங்குன படங்க வரிசையா ஓடோணும். அதெல்லாம் முடிஞ்சு பம்ப் வந்தாப் போதும். அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிருங்க."

கையால் சொன்னேன். கௌசிகா போட்டோவை வாங்கி மரியாதையாகப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள். "கூடாது. உங்கள் அப்பாவைப் பார்க்க யாரும் இங்கே வரமாட்டார்கள். சீல் வாங்க வருவார்கள். முன்னால் இவரை நிறுத்தினால், இவரைத் தாண்டிப் போக அவசரப்படுவார்கள். அது இவருக்கு மரியாதை இல்லை."

ஜெகநாதன் அவள் கையைப் பார்த்தார், புரியாமலே பயந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் புரிந்தது. பக்குவமா.

'யோசிச்சுப் பார்க்கறோம்னு சொல்றாங்க' என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடாதுங்க" என்றேன். மீதியையும் அப்படியே சொன்னேன். அப்பா, அவசரம், மரியாதை, எல்லாவற்றையும். ஒன்றையும் விடவில்லை. குரல் ஒரு இடத்தில் நடுங்கியது. அது என்னுடையது, அவளுடையது அல்ல.

குப்புராஜ் முகம் இறுகியது. "இது நீங்க சொல்றதா, அந்தப் புள்ள சொல்றதா?"

"அவங்க சொல்றதுங்க. குரல் மட்டும்தான் என்னுது."

அவர் நாற்காலியை இழுத்து, வந்ததிலிருந்து முதல் முறையாக அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சரி சாமி. அப்ப எங்கப்பார எங்கதான் உக்கார வெப்பே? நீயே சொல்லு."

கௌசிகா பென்சில் எடுத்தாள். கடையின் கதைக்கென்று ஒரு தனிப் பக்கம். ஒரே படம், பெரியதாக, பக்கத்தில் அவர் முதலில் விற்ற பம்ப். அவர் ஒரு பேனாவை எடுத்து அவள் வரைந்ததன்மேலேயே திருத்தினார். அவள் அவர் பேனாவைத் தள்ளிவிட்டுத் தான் திருத்தினாள். "விட மாட்டீங்கறாளே!" என்றார் என்னிடம். அதையும் சொன்னேன். "அவரும்தான்" என்றாள். அதையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

போகும்போது, வேலை உங்களுக்குத்தான் என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்ல என் கை தேவைப்பட்டது. மிகவும் மெதுவாகச் சொன்னேன். நானும் ஒரு முறை அனுபவிக்கலாமே என்று.

ஆகஸ்ட் 14, புதன்

கௌசிகா நிரந்தரம். ஜெகநாதன் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. "அன்று நன்றாகக் குரல் கொடுத்தீர்கள்" என்றாள். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் சொல்வது போல. இரவு இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வெளியாட்கள் வரும் நாளில் மட்டும் நான் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அதனால் ஒரு வாரம் கழித்து இன்றுதான் போனேன்.

கதவைத் திறந்தால் லோகுவும் கௌசிகாவும் எதிரெதிரே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கைகளால். லோகு அவளிடமே கற்றுக்கொண்டிருக்கிறான். வசவுகளை முதலில் கற்றிருக்கிறான் என்று தெரிந்தது. தோசை திருப்புவது போலக் கையை வீசுகிறான். பாதி தப்பு. முகம் மட்டும் அச்சு அசலாக இருக்கிறது. புதிய வேலையில் ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அவன் தப்பாகச் சொன்ன ஒன்றை அவள் பிடித்துக்கொண்டு மடக்கினாள். அவன் மேஜையைத் தட்டினான். அவள் அதைவிட பலமாகத் தட்டினாள்.

புதிதாகச் சேர்ந்த பெண் என் பக்கம் சாய்ந்து, "என்னங்க டீச்சர் சொல்றாங்க?" என்றாள்.

"எங்கிட்டச் சொல்லலையேம்மா" என்றேன்.

அவன் தடுமாறிய ஓரிடத்தில் என் கைகள் தாமாகவே எழுந்தன. கௌசிகா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். என் பக்கம் திரும்பி ஒரே ஒரு சைகை காட்டினாள்: "பிறகு." உடனே அவனிடம் திரும்பிவிட்டாள்.

கைகளை இறக்கிக்கொண்டு, கீழே டீக்கடைக்குப் போய் எனக்கு ஒரு ஸ்ட்ராங் டீ சொன்னேன். கடைக்காரர், "என்னங்க, இத்தனை சந்தோசம்?" என்றார். மேலே மாடியைக் காட்டினேன். ஜன்னல் வழியாக இருவர் கைகளும் தெரிந்தன.

"என்ற ஆபீஸ்ல சண்டை நடக்குதுங்க" என்றேன்.